தேங்காய்ச் சக்கை போட்ட வாளியில் இலை ஏன் மஞ்சளாகிறது?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் மொட்டைமாடியில் 20 லீற்றர் வாளிகளில் மிளகாயும் கத்தரியும் வைத்திருக்கிறேன். தேங்காய்ச் சக்கை, தேயிலைச் சக்கை இரண்டையும் அப்படியே மண்ணில் கலந்தேன். அடியிலைகள் மஞ்சளாகின. ஒரு கைப்பிடி யூரியா போட்டதும் இலை ஓரம் கருகிவிட்டது. எங்கே பிழை?

பதில்: சக்கை உக்குமுன் வாளிக்குள் போனதுதான் பிழை. பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையில் மிஞ்சுவது பெரும்பாலும் நாரும் எண்ணெயும், நைதரசன் சொற்பம். அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய நைதரசனை வாளி மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடியோ பழைய இலையில் இருப்பதை உருவிக் குருத்துக்குக் கொடுக்கும். மஞ்சள் அடியிலையில் தொடங்குவது அதனால்தான். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். வாளிக்குக் கைப்பிடி என்பது மிக அதிகம், வேர் தாங்காது.

முதலில் மேலே தெரியும் சக்கையைக் கிளறி எடுங்கள். அடித்துளைகளால் வழியும்வரை தண்ணீர் விடுங்கள். ஒரு கிழமை கழித்து, அரைத் தேக்கரண்டி யூரியாவை (ஏறக்குறைய 2 கிராம்) 2 லீற்றர் தண்ணீரில் கரைத்து, ஈர மண்ணில், தண்டில் படாமல் பின்னேரம் ஊற்றுங்கள். ஒரு வாளிக்கு இவ்வளவுதான், இரண்டு கிழமைக்கு ஒருமுறை. பூத்ததும் யூரியாவைப் பாதியாக்கி, 1 கிராம் எம்.ஓ.பி. (பொட்டாசியப் பசளை) சேருங்கள். இல்லாவிட்டால் இலைதான் மண்டும்.

சக்கையை வீசவேண்டாம். பக்கங்களில் துளையிட்ட, மூடியுள்ள பரலில் (பீப்பாயில்) ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை அல்லது கிழித்த காட்போட் போடுங்கள். தேயிலைச் சக்கையில் நைதரசன் உண்டு, அதனால் தேங்காய்ச் சக்கைக்கு அது நல்ல துணை. பால், சீனி கலந்திருந்தால் அலசிவிடுங்கள், எறும்பு வராது. கிழமைக்கொருமுறை புரட்டுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் ஓரிரு துளி கசிய வேண்டும். ஒழுகினால் காட்போட் போதவில்லை, புளித்து நாறும்.

இரண்டு மூன்று மாதத்தில் உக்கிக் கூட்டெருவாகிவிடும். சந்தேகமிருந்தால் ஈரமாக ஒரு பையில் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது மண் வாசம் வந்தால் சரி, புளிப்பு வாடை வந்தால் திரும்பப் பரலுக்குள்.

அடுத்த நடுகைக்கு மண் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, அலசிய தும்புத்தூள் ஒரு பங்கு. கொழும்பு மழை வாளியிலுள்ள சத்தைக் கழுவிக்கொண்டு போகும். கூட்டெரு அதில் கொஞ்சத்தையாவது பிடித்துவைக்கும். அடைமழை நாளில் யூரியா விடவேண்டாம். சாம்பலோடும் கலக்கக்கூடாது, நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும். மீன் குடல், செதில் மாடிக்கு ஒத்துவராது. காகங்கள் மூடியையே கிளப்பிவிடும்.