5-7-5: எந்த எழுத்தை எண்ணுவது?

கேள்வி: மாங்குளத்துக்கு உள்ளே ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வயல், வீட்டு வேலை, பிள்ளைகள் என்று கண்ணில் படுவதை மூன்று வரியில் கொப்பியில் எழுதி வைப்பேன். போட்டிக்கு அனுப்பிய ஒன்றை '5-7-5 எழுத்து இல்லை, ஹைக்கூ அல்ல' என்று ஒதுக்கிவிட்டார்கள். வட்ஸ்அப் குழுவில் ஒருவர், திருத்தித் தொகுப்பு நூலில் போட்டுச் சான்றிதழும் தருவதாகச் சொல்லி 4,500 ரூபா கேட்கிறார். கொடுக்கலாமா? என் கவிதை இதுதான்: 'வானம் அழுகிறது / ஏழைத் தாயின் கண்ணீர்போல் / வான் பாயும் குளம்.'

பதில்: கொடுக்க வேண்டாம். அந்த ஆளிடம் பிறகு வருகிறேன், முதலில் கணக்கு.

ஹைக்கூவின் மூன்று வரியில் 5, 7, 5 என்று ஜப்பானியர் எண்ணுவது எழுத்தை அல்ல, ஓசை அலகை. அது நம் மாத்திரைக்குக் கிட்டிய சொந்தம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. மெய்க்கு நாம் அரை மாத்திரை கொடுக்கிறோம். அவர்களோ அசையை முடிக்கும் 'ன்'னுக்கும், இரட்டித்து வரும் வல்லினத்தின் முதற்பாதிக்கும் முழு ஒன்று கொடுக்கிறார்கள். 'டோக்கியோ' அவர்கள் வாயில் நான்கு அலகு. 'நிப்பொன்' என்பதும் நான்கு. இந்தக் கணக்கைத் தமிழ் எழுத்துக்குப் பூட்டினால் என்ன ஆகும் என்று 'இரணைமடுக்குளம்' என்பதை வைத்தே பாருங்கள். மெய்யையும் சேர்த்தால் 9, விட்டால் 7. ஐந்தெழுத்து முதலடியில் அந்தக் குளத்துக்கு இடமே இல்லை! பாரதியார் 1916 இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிவிட்டார். நூறு ஆண்டு கடந்தும் நடுவர் மேசையில் விரல்விட்டு எழுத்து எண்ணுகிறார்கள்.

ஜப்பானிய மொழியிலேயே எண்ணிக்கை மீறப்பட்டிருக்கிறது. ஜப்பானிய ஹைக்கூக் கவி பாஷோ 1686 இல் எழுதிய தவளைக் கவிதை, பழைய குளம், தவளை பாயும் நீரோசை என்று சரியாக 5-7-5 தான். அதே பாஷோ, பட்ட கொம்பில் காகம் வந்தமர்ந்த இலையுதிர்கால மாலையை எழுதியபோது நடுவரி 9 அலகு. இரண்டு கூடிவிட்டது என்று யாரும் அதை ஹைக்கூ வரிசையில் இருந்து எடுக்கவில்லை. இதை நான் இழுத்து இழுத்துச் சொல்லக் காரணம், உங்கள் கவிதையை ஒதுக்கியவர் பாஷோவையும் ஒதுக்கியிருப்பார்.

ஆகவே தமிழில் மொத்தம் ஆறு முதல் ஒன்பது சொல், மூன்று வரி. இது சட்டம் அல்ல, கைப்பழக்கத்துக்கான அளவு. எண்ணிக்கையை விட முக்கியம் வெட்டு. தவளைக் கவிதையின் முதல் வரி முடிவில் 'யா' என்றொரு அசை நிற்கும். அதற்குப் பொருள் இல்லை. அங்கே மூச்சை நிறுத்து என்கிறது. குளம் ஒரு பக்கம், தவளை மறுபக்கம். நம்மிடம் அந்த அசை இல்லை, ஒரு கோடோ வரி முறிவோ போதும். சத்தமாக வாசியுங்கள். ஓரிடத்தில் மட்டும் நிற்க வேண்டும், முதல் வரி முடிவில் அல்லது இரண்டாம் வரி முடிவில். மூன்று இடத்தில் நின்றால் அது பட்டியல். எங்குமே நிற்காவிட்டால் அனேகமாகப் பெயரெச்சம் செய்த வேலை. அருவி வெட்டை, அதாவது நெல் அறுவடையை, எழுதுவதாக வையுங்கள். 'அருவி வெட்டிய வயலில் மேயும் / கொக்கின் காலில் ஒட்டிய / சேறு' என்பது ஒரே சொற்றொடரை மூன்றாக ஒடித்தது. 'அருவி வெட்டு முடிந்தது / கொக்கின் காலில் / காய்ந்த சேறு' என்றால் இடைவெளி பிறக்கும்.

ஹைக்கூவில் பருவத்தைக் காட்டும் சொல் ஒன்று வரும். அதற்குச் செர்ரிப் பூவைத் தேடாதீர்கள். வன்னிக்குத் தன் பஞ்சாங்கம் உண்டு: ஐப்பசியில் காலபோக நெல் விதைப்பு, கார்த்திகையில் கார்த்திகைப்பூவும் வாடையும், மார்கழியில் குளம் நிரம்பி வழியும் வான் பாய்தல், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலும் சோளகக் காற்றும், அதன் பின்னால் பாலைப்பழம். குறிப்பெழுதும்போது தேதியோடு தமிழ் மாதத்தையும் போடுங்கள். கண்டது, கேட்டது, எங்கே என்பது மட்டும் போதும். 'அழகான', 'சோகமான' எல்லாம் வேண்டாம். பிள்ளையைப் பற்றியும் இப்படித்தான்:

பாலைப்பழக் காலம்
ஒட்டிய உதட்டோடு
இல்லை என்கிறான் மகன்

பழத்தின் பாலில் உதடு ஒட்டும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. களவு என்ற சொல் உள்ளே வரவும் இல்லை.

இனி அந்த 4,500 ரூபா. தொகுப்பு நூல் வியாபாரம் ஒரே அச்சில் வார்த்தது. ஆளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்குக் காசு, பிறகு பத்துப் பிரதி நீங்களே வாங்க வேண்டும் என்பார்கள். ஐம்பது பேர் எழுதினால் ஐம்பது பேரும்தான் வாசகர். 'ஐ.எஸ்.பி.என். இலக்கத்தோடு வரும்' என்று பெருமையாகச் சொல்வார். அது புத்தகத்தை அடையாளம் காணும் எண், தரச் சான்று அல்ல. இலங்கையில் தேசிய நூலகம் வழங்கும் இலக்கம் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். 'பதிப்புரிமையைப் பதிந்து தருகிறேன்' என்று மேலும் காசு கேட்டால் உடனே குழுவை விட்டு வெளியேறுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியதுமே உரிமை உங்களுடையது. உங்கள் ஆயுளுக்கும் அதன் பின் 70 ஆண்டுக்கும். பதிவு எதுவும் தேவையில்லை. 'திருத்தம்' என்பதும் கவனம்: அவர் ஒட்டப்போவது கடைசி வரியில் ஒரு திடுக்கிடல். மூன்றாம் வரி விடுகதையின் விடை மாதிரி வெடிக்க வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டதைச் சான்றிதழ்க்காரர்கள் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். தலைப்புக் கொடுத்து மண்டபத்தில் அடைத்து ஹைக்கூ எழுதச் சொல்லும் போட்டிகளும் இதைத்தான் வளர்க்கின்றன. குளத்தைப் பார்க்காமல் குளம் எழுதினால் வேறென்ன வரும்?

உங்கள் கவிதையில் ஒதுக்க வேண்டியது எழுத்துக் கணக்கை அல்ல, 'அழுகிறது', 'போல்', 'ஏழைத் தாய்' மூன்றையும். மழைக்கு அழத் தெரியாது. தாயை உவமைக்குள் வைக்காமல் அடுப்படியில் இருத்துங்கள். மழை பிடித்தால் அங்கே என்ன நடக்கும்?

வான் பாயுது
அடுப்படியில் அம்மா
விறகை எண்ணுறா

வீட்டில் நீங்கள் கண்டது வேறாக இருந்தால் அதையே போடுங்கள். எட்டு நாள் கொப்பியை மூடி வைத்துவிட்டு முதல் வரியையும் மூன்றாம் வரியையும் இடம் மாற்றி வாசியுங்கள். 'வான் பாயுது' கடைசிக்குப் போனால் விறகு எண்ணியதற்கு அது காரணம் சொல்லிவிடும். முதல் வரியிலேயே இருக்கட்டும்.