அக்கவுண்டிங் பட்டம்: சேரும் முன்பே கேட்க வேண்டியவை

"மகளுக்குக் கணிதம் சுமார்தான். அக்கவுண்டிங்கில் சேர்த்தால் தாக்குப்பிடிப்பாளா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தாக்குப்பிடிப்பாள். கூட்டல், கழித்தல், சதவீதம், கொஞ்சம் புள்ளியியல் தெரிந்தால் பெரும்பாலான தாள்களைக் கடந்துவிடலாம். அதைவிட முக்கியம், ஒரு தொகை எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று விடாமல் தேடும் குணம்.

எல்லாக் கணக்குகளின் பற்று, வரவுகளைக் கூட்டி ஒப்பிடும் பட்டியலான இருப்பாய்வில், பற்றுக்கும் வரவுக்கும் 270 இடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழகிய மாணவி முதலில் அதை 9-ஆல் வகுத்துப் பார்ப்பாள். மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். பேரேட்டைப் புரட்டினால் 583 என்பது 853 என்று ஏறியிருக்கும். அங்கே கிடைக்காவிட்டால் பாதித் தொகையான 135-ஐத் தேடுவாள். பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதுவதுபோல, பக்கம் மாற்றி எழுதிய பதிவு அப்படித்தான் சிக்கும். இப்படி ஒரு கணக்கை மகளிடம் கொடுத்துப் பாருங்கள். எரிச்சலில் மூடி வைக்கிறாளா, கண்டுபிடிக்காமல் எழ மாட்டேன் என்கிறாளா? பள்ளி மதிப்பெண்ணைவிட நான் நம்புவது இதைத்தான்.

கம்ப்யூட்டரே எல்லாம் செய்துவிடுமே என்ற பயமும் உங்களுக்கு இருக்கிறது. பதிவு போடும் வேலை பெருமளவு மென்பொருளுக்குப் போய்விட்டது, உண்மைதான். ஆனால் ஓர் இயந்திரம் ஐந்து ஆண்டு உழைக்குமா, எட்டு ஆண்டா? இந்தப் பாக்கி வசூலாகுமா, வராக்கடனா? இவற்றை ஓர் ஆள்தான் கணித்து முடிவு செய்ய வேண்டும். பதில் மாறினால் இலாபமே மாறும். கடனுக்கு விற்றதெல்லாம் இலாபத்தில் ஏறிவிடும், பணம் மட்டும் வந்திருக்காது. நல்ல இலாபம் காட்டும் நிறுவனம்கூடச் சம்பளம் போடத் திணறுவது இப்படித்தான். அதை முன்கூட்டியே பார்த்து, நிர்வாகம் முகம் சுளித்தாலும் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மகள் தயாராக வேண்டியது அந்த வேலைக்குத்தான். அதற்கு அடிப்படை, 1494-ல் வெனிஸில் இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாச்சோலி அச்சில் விளக்கிய அதே இரட்டைப் பதிவு முறை, அதாவது ஒவ்வொரு பரிவர்த்தனையையும் பற்று, வரவு என இரு பக்கமும் எழுதும் முறை. முதலாண்டில் அதைக் கையால் எழுதிப் பழகட்டும்.

சரி, இனிதான் பலர் கோட்டைவிடும் இடம். பட்டம் வேறு, தொழில்முறைத் தகுதி வேறு. தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடப் பொதுவாகப் பட்டம் மட்டும் போதாது. தொழில்முறைத் தேர்வு, நடைமுறைப் பயிற்சி, உரிமம் எல்லாம் தேவைப்படும். ஏசிசிஏ (ACCA, பிரிட்டனைச் சேர்ந்த கணக்காளர் அமைப்பு) போன்ற அமைப்புகள் தேர்வோடு மூன்றாண்டு வேலை அனுபவமும் கேட்கின்றன. சில பட்டங்களுக்கு அவை தாள் விலக்கு தரும், அதாவது சில தேர்வுத் தாள்களை எழுதாமலே விடலாம். ஆனால் அது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், பாடத்திட்டத்துக்குப் பாடத்திட்டம் மாறும். கல்லூரியின் விளம்பரக் கையேட்டை நம்பாதீர்கள். அந்த அமைப்பிடமே நேரடியாகக் கேளுங்கள். எந்தெந்தத் தாளுக்கு விலக்கு, மகள் சேரும் ஆண்டுக்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் வாங்கிய பிறகு கட்டணம் கட்டுங்கள்.