தொடர் இன்னும் முடியவில்லை, படம் எடுக்கலாமா?

போன இதழில், காமிக்ஸ் தொடர்களைப் படமாக்குவது பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். எல்லாமே முடியாத தொடர்களைப் பற்றியே இருப்பதால் இந்த முறை பகுதி முழுக்க இதற்கே.

கேள்வி: நான் கதை எழுத, நண்பன் வரைய, ராயபுரத்தில் நடக்கிற ஒரு காமிக்ஸ் தொடரைச் சொந்தச் செலவில் போட்டு வருகிறோம். மொத்தம் பத்துப் பாகம், நாலு வந்திருக்கிறது. நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கிப் படித்த ஒரு தயாரிப்பாளர் வடபழனியில் உள்ள அலுவலகத்துக்குக் கூப்பிட்டுப் பேசினார். உடனே படமாக்க வேண்டும் என்கிறார். கடைசி இரண்டு பாகம் எனக்கே இன்னும் பிடிபடவில்லை. முடித்துவிட்டுக் கொடுக்கட்டுமா, இப்போதே கொடுக்கட்டுமா? நாலு புத்தகத்தையும் அனுப்பியிருக்கிறேன். – வாசகர், கொளத்தூர்

பதில்: இப்போதே கொடுங்கள். ஆனால் படத்தின் முடிவை நீங்கள் சொல்லிக் கொடுங்கள், அவர்களே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே படம் எடுப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. கல்கியின் தியாகபூமி ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே கே. சுப்ரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். தொடருக்கு ஓவியத்துக்குப் பதிலாகப் படப்பிடிப்பில் எடுத்த புகைப்படங்களையே போட்டார்கள். பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரியாக நிற்கிற படத்தைப் பத்திரிகையில் பார்த்த வாசகர்கள், 1939இல் அதே முகத்தைத் தியேட்டரில் பார்த்தார்கள். தொடரும் படமும் மோதிக்கொள்ளவில்லை, ஏனென்றால் கதை எங்கே போகிறது என்பது எழுதுகிறவருக்கும் எடுக்கிறவருக்கும் ஒன்றாகவே தெரிந்திருந்தது.

ஜப்பானில் அனிமேஷன் இயக்குநர் மியாசாகியின் கதை இன்னும் சுவாரஸ்யம். அவர் சொன்ன படத்தை, மூலக்கதையாக ஒரு காமிக்ஸ் இல்லையே என்று ஏற்க மறுத்தார்கள். அதனால் 1982இல் அனிமேஜ் பத்திரிகையில் நௌசிகாவை வரைய ஆரம்பித்தார். இரண்டே வருடத்தில், 1984இல், அவரே இயக்கிப் படம் வந்துவிட்டது. காமிக்ஸ் முடிந்தது 1994இல்! ஏழு தொகுதிகளில் ஏறக்குறைய முதல் இரண்டுக்குள் இருப்பதுதான் படம். ஆனாலும் தியேட்டரை விட்டு வெளியே வந்தவர்களுக்கு ஒரு முழுக்கதை பார்த்த நிறைவு இருந்தது. நௌசிகா வாழ்கிற பள்ளத்தாக்குக்கு ஓர் ஆபத்து வருகிறது, அது தீர்கிறது, அவ்வளவுதான் படம். அந்த உலகம் எப்படி உண்டானது, யார் உண்டாக்கினார்கள் என்ற பெரிய கேள்விகளைக் காமிக்ஸுக்கு விட்டுவிட்டார்.

உங்களுக்கும் வழி இதுதான். நாலு புத்தகத்தையும் படித்தேன், அதில் இரண்டு கேள்விகள் ஓடுகின்றன. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய, கதாநாயகியின் அப்பா எங்கே போனார் என்பது ஒன்று. அந்தக் கன்டெய்னர்களை யார் கடத்துகிறார்கள், மேலே யார் இருக்கிறார்கள் என்பது இன்னொன்று. உங்களுக்குப் பிடிபடாதது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். முதல் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறது, மூன்றாவது புத்தகத்தில் அந்தப் பெண் பொய்க் கையெழுத்தைக் கண்டுபிடிக்கிற விதத்திலேயே அது தெரிகிறது. படம் அப்பாவைப் பற்றியதாக இருக்கட்டும். கடத்தல் கூட்டத்தின் தலைவனைப் படத்தில் காட்டவே வேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள். அப்பா உயிரோடு இருக்கிறார் என்று நாலாவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தெரிகிறதே, அது அச்சு அசலான இடைவேளைக் காட்சி. எந்த இயக்குநரும் அதை அங்கேதான் வைப்பார். அப்படியென்றால் இதுவரை நீங்கள் அச்சிட்டது அத்தனையும் முதல் பாதியிலேயே தீர்ந்துவிடும். இரண்டாம் பாதி முழுக்க இன்னும் யாரும் படிக்காத ஐந்தாம், ஆறாம் பாகத்திலிருந்து வரவேண்டும். அதை உதவி இயக்குநர்கள் கூடி உட்கார்ந்து டிஸ்கஷனில் தேற்றிக்கொள்ளட்டும் என்று விட்டால், வில்லனுக்கு ஒரு தம்பி, கதாநாயகிக்கு ஒரு காதலன் என்று கதை வேறெங்கோ போய்விடும். அதனால் அடுத்த சந்திப்புக்குப் போவதற்கு முன்னால் அப்பா திரும்பி வருகிறாரா, வந்தால் எந்த முகத்தோடு வருகிறார், மகள் அவரை மன்னிக்கிறாளா என்பதை மட்டுமாவது எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பத்துப் பக்கம் போதும். கடைசியில் 'தொடரும்' போட ஒத்துக்கொள்ளாதீர்கள். டிக்கெட் எடுத்து உட்கார்ந்தவருக்கு அன்றைக்கே ஒரு முடிவு வேண்டும்.

கேள்வி: இயக்குநரும் காமிக்ஸ் எழுதினவரும் வேறு வேறு ஆட்கள், தொடரும் முடியவில்லை. அப்போது முடிவு எப்படி ஒத்துப்போகும்? – கல்லூரி மாணவி, பெரம்பூர்

பதில்: ஒத்துப்போகாமல் தடுமாறியதற்கே நல்ல உதாரணம் இருக்கிறது. பிரையன் லீ ஓ'மாலியின் ஸ்காட் பில்க்ரிம் காமிக்ஸ் மொத்தம் ஆறு புத்தகம், முதலாவது 2004இல் வந்தது. இயக்குநர் எட்கர் ரைட் படப்பிடிப்பு நடத்தியபோது ஆறாவது வெளிவரவில்லை. எழுதியவர் தன் குறிப்புகளைக் கொடுத்து உதவியும், முதலில் எடுத்த முடிவில் ஸ்காட், தான் காதலிக்கிற ரமோனாவோடு போகாமல் நைவ்ஸ் என்ற பழைய தோழியோடு சேர்ந்துவிடுகிறான். பிறகு அதை மாற்றி, ரமோனாவோடு கிளம்புவதாகத் திரும்ப எடுத்தார்கள். ஆறாவது புத்தகம் 2010 ஜூலையில், படம் ஆகஸ்ட்டில். கடைசி நிமிடம் வரை இழுபறி.

எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் படம் முழுக்க ரமோனாவுக்காக ஏழு பேரோடு சண்டை போட்டுவிட்டு, கடைசியில் இன்னொருத்தியோடு போனால் பார்க்கிறவர்கள் எப்படி ஏற்பார்கள்? முடிவு அடுத்த புத்தகத்தில் என்ன வருகிறது என்பதோடு ஒத்துப்போவதைவிட, படத்தின் முதல் இருபது நிமிடத்தில் எதைக் கேட்டோமோ அதோடு ஒத்துப்போவது முக்கியம். அது சரியாக இருந்தால் புத்தகத்தில் வேறு மாதிரி முடிந்தாலும் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

கேள்வி: அகிரா படத்தையும் பார்த்தேன், காமிக்ஸையும் படித்தேன். இரண்டும் வேறு வேறு கதையாக இருக்கிறது. எது நிஜம்? – வாசகர், அண்ணா நகர்

பதில்: இரண்டும் ஜப்பானியக் கலைஞர் கட்சுஹிரோ ஒடோமோ செய்ததுதான், அதனால் இரண்டும் நிஜம். 1982இல் தொடங்கிய தொடர் 1990 வரை போனது, நடுவில் 1988இல் அவரே படத்தை இயக்கினார். காமிக்ஸில் அகிரா உயிரோடு எழுந்து வருகிற ஒரு சின்னப் பையன். அவன் வந்த பிறகு நகரம் அழிந்து, இடிபாடுகளுக்கு நடுவே இன்னும் பாதிக் கதை நடக்கிறது. படத்தில் தரைக்கு அடியில் இருக்கிற அந்தப் பிரம்மாண்ட உருண்டையைத் திறந்தால் உள்ளே பையன் இல்லை, அவன் உடலிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்திய மாதிரிகள் கண்ணாடிக் குப்பிகளில் இருக்கின்றன. இந்த ஒரே மாற்றத்தால் இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் உள்ள கதை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டது. எதை வெட்டுவது என்று எழுதியவரைவிட வேறு யாருக்குத் தெரியும்?

கேள்வி: கான்ட்ராக்டில் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்? எங்கள் நண்பர் ஒருவர் ஒரு காமிக்ஸ் எழுதிக்கொண்டிருக்கிறார், அவருக்காகக் கேட்கிறேன். – வாசகி, சைதாப்பேட்டை

பதில்: கையெழுத்துக்கு முன்னால் ஒரு வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள், அந்தச் செலவைப் பார்க்க வேண்டாம். நான் சொல்வது அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்காக.

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. அதன் 19ஆம் பிரிவுப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை காலம், எந்தெந்த இடத்துக்கு என்று சொல்ல வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருடம், இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. வாங்கியவர் ஒரு வருடம் அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அது காலாவதியாகும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. இந்தக் கடைசி வரியைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் இந்த ஒரு வருடப் பாதுகாப்பு கிடையாது என்று உள்ளே எங்கேயாவது ஒரு வரி இருக்கும்.

முடியாத தொடருக்கு இன்னொரு ஆபத்து உண்டு. இன்னும் எழுதாத பாகங்களையும் சேர்த்து எழுதி வாங்கிவிடுவார்கள். சட்டம் அதை அனுமதிக்கிறது, அந்தப் பாகம் எழுதி முடிந்ததும் உரிமை அவர்கள் கைக்குப் போய்விடும். அதனால் வெளிவந்த பாகங்களின் பெயரையும் எண்ணையும், படத்துக்காக எழுதிக் கொடுக்கிற முடிவையும் போட்டு, இவ்வளவுதான் என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்த பாகங்களைப் படமாக்குவதானால் முதலில் எங்களிடம் கேளுங்கள் என்று அவர்கள் கேட்டால் அதை மட்டும் கொடுக்கலாம், நியாயம்தான். காமிக்ஸைத் தொடர்ந்து எழுதவும் வரையவும் தடை இல்லை என்று தனியாக ஒரு வரி வேண்டும். படத்துக்காக அவர்கள் புதிதாக ஒரு பாத்திரத்தை உண்டாக்கி, அது மக்களுக்குப் பிடித்துப்போனால் காமிக்ஸில் அதைக் கொண்டுவரலாமா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள், படம் ஓடிய பிறகு பேச முடியாது.

வரைகிறவர் வேறு ஆளா? அப்படியென்றால் அவர் கையெழுத்தும் கட்டாயம். கதை ஒருவருடைய படைப்பு, ஓவியம் இன்னொருவருடைய படைப்பு. பாத்திரத்தின் முகம், உடை, அந்தத் தெருவின் தோற்றம் எல்லாம் வரைந்தவருக்குச் சொந்தம். நிறையப் பேர் எழுதியவரிடம் மட்டும் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள், அது பெரிய அநியாயம்.

கேள்வி: காமிக்ஸ்தான் கட்டம் கட்டமாக வரைந்திருக்கிறதே, அப்படியே வைத்துப் படம் எடுத்துவிடலாம் இல்லையா? – உதவி இயக்குநர், சாலிகிராமம்

பதில்: முடியாது. கொளத்தூர் நண்பரின் இரண்டாவது புத்தகத்தில் அந்தப் பெண் கிரேன் மேலே ஏறி அப்பாவின் இருக்கையில் உட்காருகிறாள். மூன்று கட்டங்களுக்கு வசனமே கிடையாது. முதல் கட்டம் பக்கத்தின் அகலம் முழுக்க, துறைமுகமும் கடலும். இரண்டாவது குறுகலாக, அவள் கை. மூன்றாவது அதைவிடச் சின்னது, கொக்கியில் தொங்குகிற தூக்குச் சட்டி, மூடி பாதி திறந்து, சாப்பிடாத சோறு. அவர் தானாகக் கிளம்பிப் போகவில்லை என்று அந்தச் சின்னக் கட்டத்தில்தான் தெரிகிறது. திரையில் இந்த மூன்றுக்கும் ஒரே அகலம்தான், படிக்கிறவர் தானாக நின்று பார்க்கிற நேரத்தை நீங்கள் நொடிக் கணக்கில் முடிவு செய்ய வேண்டும். பெரிதிலிருந்து சிறிதுக்கு வருகிற அந்த உணர்வைச் சத்தத்தில் கொண்டுவரலாம். வெளியே காற்றும் கப்பல் சங்கும், கேபின் கதவு மூடியதும் அமைதி. கட்டத்தை நகல் எடுக்காதீர்கள், அது என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: படத்தில் முடிவு தெரிந்துவிட்டால் மிச்சக் காமிக்ஸை யார் வாங்குவார்கள்? – புத்தகக் கடைக்காரர், திருவல்லிக்கேணி

பதில்: வாங்குவார்கள். XIII என்ற பிரெஞ்சு மொழிக் காமிக்ஸ் தொடரின் தமிழாக்கமான இரத்தப் படலத்துக்குப் பல வருடம் காத்துக் கிடந்தவர்கள் முடிவுக்காக மட்டும் வாங்கவில்லை, முடிந்த பிறகும் மொத்தத் தொகுப்பு வந்தபோது திரும்ப வாங்கினார்கள். படம் வருகிற வாரத்தில் முதல் நாலு பாகமும் உங்கள் கடையில் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். நம் ஊரில் அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

கேள்வி: கதாசிரியர் நடுவில் இறந்துவிட்டால்? – வாசகர், திருவொற்றியூர்

பதில்: தமிழில் கேப்டன் டைகர் என்று வந்த பிரெஞ்சு மொழிக் காமிக்ஸ் தொடரை எழுதிய ஷார்லியே 1989இல் ஒரு கதையின் பாதியில் இறந்துபோனார், ஓவியர் ஜிரோ அதை எழுதி வரைந்து முடித்தார். கல்கி 1954இல் மறைந்தபோது அமரதாரா பாதியில் நின்றது, அவர் வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி முடித்தார். குறிப்பு இருந்ததால்தான் அது முடிந்தது. கொளத்தூர் நண்பரே, மேலே கேட்ட பத்துப் பக்கத்தில் ஒரு பிரதி உங்கள் ஓவியரிடமும் இருக்கட்டும்.