மவுசாகலைக்கும் கொத்மலை ஓயாவுக்கும் ஒரே ஃபீடர் கம்பு போதுமா?

ஹட்டனில் இருக்கிறீர்கள், இதுவரை மூங்கில் கம்பும் தக்கையும்தான், இப்போது முதல்முறையாக ஃபீடர் கம்பு ஒன்று வாங்கப் போகிறீர்கள். மவுசாகலை, காசல்ரீ நீர்த்தேக்கங்களுக்கும் தலவாக்கலைப் பக்கம் கொத்மலை ஓயாவுக்கும் ஒன்றே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும். 12 அடி நீளம், 40 முதல் 80 கிராம் வரை எறியக்கூடியது, மாற்றிப் போட மூன்று நுனிகளோடு வருவது. ஒரு கம்புக்குத்தான் காசு இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்குங்கள்.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். பலரும் நீளத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் கூட்டில் இருந்து தொடங்குவேன். ஃபீடர் என்பது ஈயம் வைத்த சின்னக் கூடு. அதற்குள் பாண் தூள், புண்ணாக்கு, தவிடு பிசைந்து அடைத்து எறிகிறோம். அது அடியில் போய் உட்கார்ந்து, தீன் கரைந்து, மீனை முள்ளுக்குப் பக்கத்தில் கூட்டி வருகிறது. அந்தக் கூடு போட்ட இடத்தில் நிற்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பதைத் தண்ணீர்தான் சொல்லும். அந்தப் பாரத்தைத் தாங்கி எறியக்கூடிய கம்பைத்தான் வாங்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு கம்பை இழந்தேன். அதன் அடியில் 40 கிராம் வரை என்று எழுதியிருந்தது. நான் போட்டது 30 கிராம் கூடு. காசல்ரீக் கரையில் நாலாவது தடவை எறியும்போது நடுத்துண்டு டக்கென்று முறிந்தது. கம்பில் குறை இல்லை என்று கடைக்காரர் சொன்னபோது கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து அதே கூட்டில் அதே ஈரத்தீனை அழுத்தி அடைத்து, மாமாவின் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 62 கிராம்! கம்பில் எழுதியிருப்பது கூடும் தீனும் சேர்ந்த மொத்த எடைக்கான கணக்கு. 80 கிராம் கம்பு வாங்கினாலும் வீசி எறியும்போது 60, 65-ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நுனி. ஃபீடர் தூண்டிலில் தக்கை கிடையாது, கம்பின் நுனிதான் தக்கை. அதனால்தான் ஒரே கம்புக்கு இரண்டு மூன்று நுனிகள் தருகிறார்கள். அவுன்ஸ் கணக்கில் 1, 2, 3 என்று எழுதியிருக்கும். எண் சிறியது என்றால் நுனி மெல்லியது, சின்னத் தொடுதலுக்கும் அசையும். கண்ணாடி இழை நுனி இன்னும் குழைவானது. கார்பன் நுனி விறைப்பானது.

நீர்த்தேக்கத்தில் 1 அவுன்ஸ் நுனி போடுங்கள். எறிந்ததும் கம்பைத் தாழ்த்தி, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நுனி இருக்கிற மாதிரி, நூலுக்குச் சரிவாக வையுங்கள். அப்போதுதான் காற்று நூலைப் பிடித்து ஆட்டாது. பிறகு மெதுவாகச் சுற்றி, நுனி இலேசாக வளைந்து நிற்கும்வரை நூலை இறுக்குங்கள். விடியற்காலையில் மவுசாகலைத் தண்ணீர் மேல் பனி கிடக்கும்போது அந்த வளைவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு இன்றைக்கும் சலிக்கவில்லை. திலாப்பியா என்றால் டுக், டுக் என்று இரண்டு தட்டு. கார்ப் என்றால் நுனி ஒரே இழுப்பில் குனியும். மூன்றாவது ஒன்று இருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் தவற விடுவது அதைத்தான்: வளைந்து நின்ற நுனி திடீரென்று நேராகிவிடும். நூல் தளர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மீன் இரையை எடுத்துக்கொண்டு உங்கள் பக்கமாக வந்திருக்கிறது, கூடு இடம் பெயர்ந்திருக்கிறது. உடனே சுற்றிக்கொண்டே கம்பைத் தூக்குங்கள்.

மவுசாகலையில் இன்னொரு சங்கதி. அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும். அடியில் கட்டடக் கல்லும் தேயிலைக் கட்டையும் கிடக்கும் இடங்களில் கூடு மாட்டிக்கொள்ளும். 12 அடிக் கம்பு அங்கே உதவும். சட்டென்று தூக்கி வேகமாகச் சுற்றினால் கூடு கட்டைகளுக்கு மேலே மிதந்து வந்துவிடும். அதோடு, கூட்டைப் பிரதான நூலைவிட மெல்லிய தங்கூஸில் ஒரு சாண் அளவுக்குக் கட்டித் தொங்கவிடுங்கள். மாட்டினால் கூடு மட்டும் போகும், மீன் முள்ளோடு நிற்கும்.

ஓயாவில் எல்லாம் மாறும். 2 அல்லது 3 அவுன்ஸ் நுனி போடுங்கள். மெல்லிய நுனி அங்கே நீரோட்டத்துக்கே முழுதாக வளைந்துவிடும், மீன் தொட்டதும் தெரியாது, தண்ணீர் இழுத்ததும் தெரியாது. கம்பை உயர்த்தி நிறுத்துங்கள். தண்ணீருக்குள் நூல் எவ்வளவு குறைவோ அவ்வளவு குறைவாகவே ஆறு அதை இழுக்கும், பாறையிலும் உரசாது. கூடு உருண்டால் உடனே பாரத்தைக் கூட்ட வேண்டாம். முதலில் இரண்டு மூன்று அடி நூல் விட்டு, அது நீரோட்டத்தில் வில் மாதிரி வளையட்டும். பெரும்பாலும் கூடு நின்றுவிடும். நிற்காவிட்டால் கூடும் தீனும் சேர்ந்த எடையை 40 கிராமில் இருந்து 50, அப்புறம் 60 என்று கூட்டுங்கள். தீனையும் அங்கே இறுக்கமாகப் பிசையுங்கள். மேல் கொத்மலை அணைக்குக் கீழே மட்டும் ஆற்றுக்குள் இறங்கி நிற்காதீர்கள். மேலே மழை என்றால் வான்கதவு திறப்பார்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் தண்ணீர் வரும். சைரன் கேட்டால் கூடையை விட்டுவிட்டுக் கரை ஏறுங்கள்.

இரண்டாவது கம்பு பிறகு வாங்கலாம். தோட்டத்துக் குளம், சின்ன அணைக்கட்டு என்று கிட்டத்தில் எறிகிற இடங்களுக்கு 9, 10 அடியில் பிக்கர் என்ற இலேசான வகை நல்லது. கையளவு மீன்கூட அதில் சந்தோஷமாக இழுக்கும். 100 கிராமுக்கு மேல் எறியும் பாரக் கம்பு நம் பக்கத்துக்கு அவசியம் இல்லை என்பது என் அபிப்பிராயம். நுவரெலியா ட்ரவுட் மீனுக்கு ஃபீடரே பொருந்தாது, அது வேறு தூண்டில் முறை.

கடையில் மூன்றைப் பாருங்கள். நுனிகள் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். முதலில் முறிவது நுனிதான், ஒரு கம்பின் நுனி இன்னொன்றில் பொருந்தாமல் போகலாம். கம்பைப் பொருத்தி நேராகப் பிடித்து, வளையங்கள் ஒரே வரிசையில் இருக்கின்றனவா பாருங்கள். பிறகு ஒரு துண்டுப் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு இழுங்கள். பஞ்சு இழை சிக்கினால் அந்த வளையத்தில் வெடிப்பு இருக்கிறது. மீன் இழுக்கும்போது நூலை அறுத்துவிடும். ரீலுக்கு 3000 அல்லது 4000 அளவு, நூலுக்கு 0.22 மில்லிமீட்டர் தங்கூஸ் போதும்.

கார்பன் கம்பு மின்சாரம் கடத்தும். மூங்கிலோடு பழகிய நமக்கு இது எளிதில் நினைவுக்கு வராது. நம் நீர்த்தேக்கங்களைச் சுற்றி மின்கம்பிகள் போகாத இடம் குறைவு. கம்பைப் பொருத்தித் தூக்கிக்கொண்டு கம்பிகளுக்குக் கீழே நடக்காதீர்கள். கரைக்குப் போய் மேலே பார்த்த பிறகு பொருத்துங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி கேட்டால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கம்பைக் கீழே வைத்துவிட்டு விலகிப் போங்கள்.