பியூஸ் போன பல்பைத் தூக்கிப் போடாதீங்க

கேள்வி: மாந்தோப்பில் ராத்திரி மோட்டார் போடப் போய்வர, பழைய ஏடிவி (மேடு பள்ளத்தில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) ஒன்று வாங்கினேன். இரண்டு மாதத்தில் நான்கு ஹெட்லைட் பல்பு போய்விட்டது. ஒரு தடவை இடது பக்கம், மறு தடவை வலது பக்கம். ரேஸ் கொடுத்தால் வெளிச்சம் பளீரென்று ஏறுகிறது. எல்இடி மாட்டிவிட்டால் தொல்லை தீருமா? (கிருஷ்ணகிரி வாசகர்)

பதில்: எல்இடியை அப்புறம் பார்க்கலாம். பியூஸ் போன பல்புகளில் ஒன்றாவது வீட்டில் கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அதைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கண்ணாடி பளிச்சென்று இருந்து இழை மட்டும் அறுந்திருந்தால், பெரும்பாலும் குலுங்கல்தான். பல்பு ஹோல்டரில் ஆடுகிறதா, லைட்டைத் தாங்கும் ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் கண்ணாடியில் விரிசல் விட்டு காற்று புகுந்திருக்கிறது. கொதிக்கும் பல்பில் சேற்றுத் தண்ணீர் தெறித்தால் இப்படி ஆகும். பின்பக்க ரப்பர் மூடியைச் சரியாக மாட்டினாலே போதும். கண்ணாடி கறுத்தோ வெள்ளி பூசினாற்போலவோ இருந்தால், வோல்டேஜ் மேல்தான் சந்தேகம்.

உங்கள் வண்டி இந்தக் கடைசி ரகம் என்றே நினைக்கிறேன். ஒரே பக்கம் போனால் ஹோல்டரைக் குறை சொல்லலாம். இரண்டு பக்கமும் மாறி மாறிப் போகிறது, ரேஸ் கொடுத்தால் வெளிச்சமும் ஏறுகிறது என்றால் பல்புக்குப் போகும் கரண்ட்தான் கட்டுக்குள் இல்லை. வோல்டேஜ் 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரி முனைகளில் பிடியுங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது 12.6 அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து நன்றாக ரேஸ் கொடுத்தால் 13.8-லிருந்து 14.5-க்குள் நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால், வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரைச் சந்தேகப்படலாம்.

ஆனால் உடனே புது ரெகுலேட்டர் வாங்க ஓடாதீர்கள். என் பட்டறைக்கு இப்படித்தான் ஒரு ஏடிவி வந்தது. மூன்று பல்பு மாற்றியாகிவிட்டது, ரெகுலேட்டருக்கும் விலை விசாரித்துவிட்டார்கள். சீட்டைத் தூக்கிப் பார்த்தால், பேட்டரி நெகட்டிவ் போல்ட்டை விரலாலேயே அரைச் சுற்று திருப்ப முடிந்தது. மேடு பள்ளத்தில் குதிக்கும் வண்டியில் இது சகஜம். பேட்டரி இணைப்பு விட்டு விட்டுத் தொட்டால், வோல்டேஜ் எகிறும்போது தாங்கிக்கொள்ள ஆளில்லை, அத்தனையும் பல்பு தலையில் விழுகிறது. 10-ம் நம்பர் ஸ்பேனரோடு வேலை முடிந்தது. நீங்களும் இரண்டு முனைகளையும், எர்த் வயர் சேஸிஸில் சேரும் இடத்தையும் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு இன்ஜினை மட்டும் ஓட்டாதீர்கள்.

சில சின்ன வண்டிகளில் ஹெட்லைட் பேட்டரியைத் தொடாமல் இன்ஜினிலிருந்து நேராக வரும் ஏசி (மாறுதிசை) கரண்டில் எரியும். அதில் ஐடிலில் மங்கி ரேஸில் ஏறுவது ஓரளவு இயல்புதான். அப்படியானால் ஹோல்டரிலேயே, மீட்டரை ஏசியில் வைத்து அளக்க வேண்டும்.

புது பல்பு மாட்டும்போது ஹாலஜன் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகமாகச் சூடேறிக் கொப்புளம் விடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடையுங்கள். பழைய பல்பில் 35/35 வாட் என்றிருந்தால் அதையே போடுங்கள். வெளிச்சம் போதவில்லை என்று கார் பல்பு 60/55 மாட்டினால் ஹோல்டர் உருகும்.

எல்இடி கூடாது என்று சொல்லவில்லை. வோல்டேஜ் எகிறினால் அதற்குள் கரண்டைச் சீர்செய்யும் டிரைவர் சர்க்யூட்டும் கருகும் என்பதால்தான் தள்ளிவைக்கச் சொன்னேன். வாங்கும்போது, பழைய பல்பில் இழை இருந்த அதே இடத்தில் எல்இடி சில்லு வருகிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடம் மாறினால் வெளிச்சம் மாமர உச்சிக்குப் போகும், வரப்பு தெரியாது.