தபால் வாக்கு என்றால் என்ன? வன்னியில் யார் போடலாம்?

தேர்தல் நாளில் சொந்த வாக்குச் சாவடிக்குப் போக முடியாத அரச ஊழியர், முன்கூட்டியே அளிக்கும் வாக்குதான் இது. முல்லைத்தீவில் பதிந்த ஆசிரியைக்கு மன்னாரில் தேர்தல் கடமை என்றால், அவர் வாக்கு வீணாகக் கூடாதே! வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் பரிமாறுகிறவர்களுக்குச் சோறு முன்பே எடுத்து வைப்பது போலத்தான்.

முதலில் வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் கிராம அலுவலரிடம் போங்கள். அப்புறம் விண்ணப்பம். முடிவுத் திகதியைத் தவறவிடாதீர்கள், அதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாக்குச்சீட்டு வேலையிடத்துக்கு வரும். வாக்களித்ததை உறுதிப்படுத்தும் அத்தாட்சி அலுவலர் முன்னிலையில், ஆனால் இரகசியமாக, அடையாளமிட்டு உறையை ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

தபால் என்ற பெயரைப் பார்த்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் அங்கிருந்தே அனுப்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள், முடியாது.