சிக்வினில் (விண்டோஸில் யூனிக்ஸ் கட்டளைகளை ஓட்ட உதவும் மென்பொருள்) நெட்வொர்க் ஷேர் ஃபோல்டருக்குப் பாதை எப்படி எழுதுவது? எக்ஸ்புளோரரில் திறக்கிற \\ பாதை இங்கே வேலை செய்யவில்லையே?

பேக்ஸ்லாஷை விட்டுவிட்டு சாதா ஸ்லாஷில் எழுதுங்கள். முதலில் இரண்டு ஸ்லாஷ், சர்வர் பெயர், ஒரு ஸ்லாஷ், ஷேர் பெயர்: //ஸ்டோர்/ஆல்பம். பதில் அவ்வளவுதான், மீதி என் வயிற்றெரிச்சல்.

நீங்கள் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையிலிருந்து \\ஸ்டோர்\ஆல்பம் என்று காப்பி செய்து அப்படியே பேஷில், அதாவது சிக்வினின் கட்டளை ஜன்னலில், ஒட்டியிருப்பீர்கள். பேஷுக்கு பேக்ஸ்லாஷ் என்றால் அடுத்த எழுத்தை உள்ளபடி எடுத்துக்கொள் என்று பொருள். கடைசியில் சிக்வின் கைக்குப் போய்ச் சேர்வது \ஸ்டோர்ஆல்பம். எக்கோ கட்டளை போட்டுப் பாருங்கள், தெரியும். ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தால் முழுசாகப் போகும். இரட்டை மேற்கோளில் முன்னால் இருக்கிற இரண்டில் ஒன்றை முழுங்கிவிடும்.

எனக்குக் கும்பகோணத்தில் கல்யாண ஃபோட்டோ ஸ்டுடியோ. "லினக்ஸுக்கு மாறிடுங்க" என்று கீழே யாராவது கட்டாயம் எழுதுவார்கள். ஆல்பம் டிசைன் எல்லாம் ஃபோட்டோஷாப்பில், அதனால் விண்டோஸ்தான், அந்த வாதத்துக்கு நான் வரவில்லை. ராத்திரி கடை சாத்தும்போது ஆர்சிங்க் என்ற காப்பி எடுக்கும் கட்டளை ஓடி, அன்றைய படங்களைப் பின்னறையில் இருக்கிற நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் மாட்டிய டிஸ்க் பெட்டி) தள்ள வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தவர் வெளியூர் சர்வீஸ் ஆள். தை முகூர்த்தங்கள் முடிந்த கையோடு சி டிரைவ் சிவப்புக்கோடு காட்டியது. போன் போட்டால், "டிஸ்க் பத்தல சார், பெருசா ஒண்ணு வாங்கிடுங்க" என்றார்.

வாங்குவதற்கு முன் எது இடத்தை அடைக்கிறது என்று நானே துழாவினேன். சிக்வின்64 ஃபோல்டருக்குள் 'ஸ்டோர்' என்று ஒன்று. அதற்குள் 'ஆல்பம்'. அதற்குள் வலங்கைமான் மாப்பிள்ளை அழைப்பிலிருந்து குத்தாலம் வளைகாப்புவரை அத்தனை படமும் உட்கார்ந்திருக்கிறது. நாஸில் ஒன்றுகூட இல்லை. ஸ்கிரிப்டைத் திறந்தால் பாதை /ஸ்டோர்/ஆல்பம் என்று ஒற்றை ஸ்லாஷில் தொடங்குகிறது, அதற்கு மேல் வரியில் ஃபோல்டர் இல்லாவிட்டால் உண்டாக்கிக்கொள்ளும் எம்கேடிர் -பி. ஒற்றை ஸ்லாஷ் என்றால் சிக்வினின் சொந்த ரூட், அதாவது அதே கம்ப்யூட்டர். பிழைச் செய்தி ஒன்று வராமல் தினமும் "பேக்கப்" நடந்திருக்கிறது.

கேட்டால், "யூனிக்ஸ்ல ரெண்டு ஸ்லாஷும் ஒண்ணுதான் சார், பார்க்க நீட்டா இருக்கட்டும்னு எடுத்தேன்" என்கிறார். பாதையின் நடுவில் அது சரி. தொடக்கத்தில் சரியில்லை. சரியாக இரண்டு ஸ்லாஷில் தொடங்கும் பாதைக்கு அந்தந்த சிஸ்டம் தனி அர்த்தம் வைத்துக்கொள்ளலாம், மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் ஒன்றாகவே எண்ண வேண்டும் என்று யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்குப் பொதுவான பாசிக்ஸ் தரமே இடம் விட்டிருக்கிறது. அந்த இடத்தில்தான் சிக்வின் நெட்வொர்க் பாதையை வைத்தது. பாதையைத் துண்டு துண்டாக ஒட்டும் ஸ்கிரிப்டில் தவறி மூன்று ஸ்லாஷ் விழுந்தாலும் இதே கதைதான். பழைய கையேடுகளையும் நம்பாதீர்கள். 1990களின் சிக்வினில் //சி/ என்றால் சி டிரைவ், அதற்கான /சிக்டிரைவ்/சி என்ற பாதை பிறகுதான் வந்தது.

சரி, ஷேரை இசட் டிரைவாக மாட்டிக்கொண்டால் என்ன என்பீர்கள். செய்யலாம், தடுக்கவில்லை. ஆனால் அந்த எழுத்து உங்கள் லாகினோடு ஒட்டியது. அட்மினாகத் திறந்த ஜன்னலுக்கு அது பெரும்பாலும் தெரியாது. ஆர்சிங்கிடம் இசட்:/ஆல்பம் என்று கொடுத்தால் கோலனைப் பார்த்துவிட்டு 'இசட்' என்ற வேறு கம்ப்யூட்டரைத் தேடப் போய்விடும்.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றுகிற படங்களை யார் வாங்கிப் போகிறார்கள்? சமையல்காரருக்கு அன்றே கணக்கு முடியும், நாதஸ்வரக்காரருக்குத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். ஃபோட்டோக்காரனுக்கு மட்டும் "மீதிய ஆல்பம் வாங்கும்போது தர்றோம் தம்பி". ஆல்பம் அடித்துத் தயாராக அலமாரியில் கிடக்கும், போன் எடுக்க மாட்டார்கள். அப்புறம் ஒருநாள் குழந்தைக்குக் காதுகுத்து, படம் எடுக்க வாங்க என்று அவர்களே கூப்பிடுவார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், விடுங்கள்.

சிக்வினைப் போன்ற கிட் பேஷிலும் எம்சிஸ்2விலும் //சர்வர்/ஷேர் இப்படியே ஓடும். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லில் ஓடாது. அங்கே ஷேரை டிஆர்விஎஃப்எஸ் (விண்டோஸ் டிரைவுகளை லினக்ஸுக்குக் காட்டும் ஃபைல் சிஸ்டம்) வகையாக மவுண்ட் செய்ய வேண்டும், அந்தக் கட்டளையில் பேக்ஸ்லாஷ் பாதையை ஒற்றை மேற்கோளுக்குள் கொடுங்கள். ஒரு பாணியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற சிக்வினிலேயே சிக்பாத் இருக்கிறது: -டபிள்யூ போட்டால் விண்டோஸ் பாதை, -யு போட்டால் யூனிக்ஸ் பாதை. இதற்குப் பிறகும் திறக்கவில்லை என்றால் எல்எஸ் //சர்வர் என்று மட்டும் அடித்து, என்ன வருகிறது என்று கருத்தில் போடுங்கள். கடை நேரம் முடிந்து பார்க்கிறேன்.